பெயரைச் சொல்லிவிட்டு மௌனம் காப்போம்

கடந்த மே மாதத்தில், எல்லையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து சில நாள்கள் கழித்து, பள்ளிவாசலில் நம் கிளைத் தோழர்கள் ஓர் அமைதிக் கூட்டம் நடத்தினார்கள். பகல்காமில் பயங்கரவாதிகளின் தோட்டாக்களுக்குப் பலியான 26 பேருக்கும், அதன்பின் எல்லையின் இருபுறமும் மாண்டவர்களுக்கும் அஞ்சலித் தீர்மானம் வாசிக்கப்பட்டது. எழுந்து நின்றோம். ஒரு நிமிடம் கழிந்தது. அமர்ந்தோம். தலைவர் அடுத்த பேச்சாளரை அழைக்கும் முன்பு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூத்த பெண் தோழர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "எந்திரிச்சு நின்னோம் தோழர், சரி. யார் யாருக்குன்னு ஒரு பேரு கூடச் சொல்லலையே? எழவு வீட்டுல பேரு சொல்லாம யாரு அழுவா?"

அந்தத் தீர்மானத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவன் நான். மூலத்தில் பெயர்கள் இல்லை. எண் மட்டும் இருந்தது. எண்ணை எண்ணாகவே பெயர்த்தேன். முப்பதாண்டுக் காலமாகக் கட்சிக்காக மொழிபெயர்த்து வரும் எனக்கு, நான் பெயர்த்தெழுதிய வாக்கியத்தில் ஏதோ குறைகிறது என்று அதுவரை தோன்றவில்லை. அந்தத் தோழரின் கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் விடை சொல்லவில்லை; சிலர் சிரித்தார்கள். சிரித்துக் கடந்துவிடக் கூடிய கேள்வி அன்று அது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை, அந்தச் சிரிப்புக்கான மறுப்பும் கூட.

"இறந்தவர்களின் முன்னால் அரசியல் பேசாதீர்கள், மௌனமாக நில்லுங்கள்" என்பது இன்று ஆளும் வர்க்கம் நமக்கு இடும் கட்டளை. கேட்பதற்குப் பண்பாடாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எவ்வாறு நடைமுறையாகிறது என்று பாருங்கள். பகல்காமில் கொல்லப்பட்ட கடற்படை அதிகாரி ஒருவரின் இளம் மனைவி, திருமணமாகிச் சில நாள்களே ஆனவர், முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பு வேண்டாம், எங்களுக்கு அமைதி வேண்டும், நீதி வேண்டும் என்றார். கணவரின் சவப்பெட்டியின் முன் அவர் நின்ற படத்தைத் தேசத்தின் துயரமாகப் பரப்பிய அதே கைகள், அவர் வாயைத் திறந்ததும் அவர்மீது சேற்றை வாரி இறைத்தன. கொச்சியைச் சேர்ந்த ஒரு பெண் தன் கண்ணெதிரே தந்தையை இழந்தார். அந்நேரத்தில் உடன்பிறந்தவர்களைப் போலத் தனக்குத் துணை நின்றவர்கள் இரண்டு காஷ்மீர் முஸ்லிம்கள் என்று அவர் சொன்னார். அவருக்கும் அதே வசைதான். இவ்விருவரும் மௌனமாக அழுதிருந்தால் தேசத்தின் புதல்விகள். பேசியதால் துரோகிகள். பூஞ்ச்சில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பலியான எளிய மக்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கூட்டம் ஒரு நிமிடத்தைக் கூட ஒதுக்கவில்லை.

ஆகவே, இந்த மௌனம் எங்கே பிறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அது நம் மரபன்று. மிகப் பழையதும் அன்று. 1918இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் நண்பகல் பீரங்கி முழங்கியதும் நகரமே அசையாமல் நிற்கும் வழக்கம் தொடங்கியது. அதைக் கண்ட பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர், பேரரசு முழுமைக்கும் இதை விரிவாக்கலாம் என்று லண்டனுக்கு எழுதினார். யார் இவர்? தங்கச் சுரங்க முதலாளிகளின் வட்டத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். போரில் மகனைப் பறிகொடுத்தவரும் கூட. அவருடைய துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு தந்தையின் உண்மையான துயரம் ஓர் அரசின் கையில் என்னவாகிறது என்பதே கேள்வி. 1919 நவம்பர் 7 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேண்டுகோள் வெளியாயிற்று. நவம்பர் 11, காலை 11 மணி. பேரரசெங்கும் இரண்டு நிமிடம் எல்லா இயக்கமும் நிற்க வேண்டும்.

அந்த 1919 எப்படிப்பட்ட ஆண்டு என்பதைத் தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. போரை எதிர்த்துப் பேசிய லீப்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் ஜனவரியில் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக். இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் ரயில்வேத் தொழிலாளர்கள் நாடு முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். சோவியத் ரஷ்யாவை நசுக்க அனுப்பப்பட்ட படைகளைக் குறித்து உழைக்கும் மக்கள் கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எவருக்காக இந்தப் போர், எவருக்கு இலாபம் என்று கேட்க ஆயிரமாயிரம் வாய்கள் திறந்த வேளையில்தான், இரண்டு நிமிடம் வாயை மூடுங்கள் என்னும் வேண்டுகோள் அரண்மனையிலிருந்து வந்தது. இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பஞ்சாபை நினைத்துப் பாருங்கள். அந்தப் போருக்கு இந்தியாவிலேயே மிக அதிகமாகச் சிப்பாய்களைத் தந்த மாகாணம் அது. நவம்பர் 11 அன்று பேரரசு அந்தச் சிப்பாய்களுக்காகவும் மௌனம் காத்தது. எட்டு நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, லாகூரில் ஹண்டர் குழுவின் முன் ஜெனரல் டயர் சாட்சியம் அளித்தார். அரசின் கணக்குப்படியே 379 பேரைக் கொன்ற துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அவர் கூச்சமின்றிப் பேசினார். சுட்டவருக்குப் பேச மேடை கிடைத்தது. சுடப்பட்டவர்களுக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்கவில்லை.

பிரிட்டனின் தொழிலாளி வர்க்கமும் இந்த ஏற்பாட்டை அப்படியே விழுங்கிவிடவில்லை. 1920களின் தொடக்கத்தில் வேலையற்ற முன்னாள் சிப்பாய்கள் லண்டன் நினைவுச் சின்னத்தின் முன் ஊர்வலமாகச் சென்றபோது, வீரப் பதக்கங்களுக்குப் பக்கத்திலேயே அடகுச் சீட்டுகளையும் சட்டையில் குத்திக்கொண்டு சென்றார்கள். எந்த முழக்கமும் அதைவிட உரக்க ஒலித்திருக்க முடியாது. 1933இல் கூட்டுறவுப் பெண்கள் அமைப்பு, இனிப் போர் வேண்டாம் என்பதற்காகச் சிவப்புப் பாப்பி மலருக்கு மாற்றாக வெள்ளைப் பாப்பியை அணியத் தொடங்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போருக்குச் சென்றார்கள். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் ஒரு சிறு சலவைக்கல் பலகையைக் காணலாம். இந்த ஊரிலிருந்து 1914 - 1919 பெரும்போருக்குச் சென்றவர்கள் இத்தனை பேர், அவர்களில் உயிர் நீத்தவர்கள் இத்தனை பேர் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். பெயர் இராது. ஊரிலிருந்து போனவர்கள் இருபது முப்பது பேர். மாண்டவர்கள் மூவரோ நால்வரோ. மூன்று பெயர்களை வெட்டக் கல்லில் இடமில்லையா? பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயர்கள் பெயரோடு இருக்கிறார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடங்கிவிட்டார்கள். 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறக்கிவிட்டார்கள். தோல்வியடைந்ததும் தளபதிகள் பழியைச் சிப்பாய்கள்மேல் போட்டார்கள். அங்கே மாண்ட நம்மவர்களின் பெயரைத் தென்மாவட்டத்தில் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியா கேட்டில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. பிரான்சின் நவ் ஷாப்பலிலும் உண்டு. மறைக்கவில்லை. ஐரோப்பியரின் கண்ணில் படும் இடத்தில் ஒரு நீதி, படாத இடத்தில் வேறு நீதி என்பதற்கு அவையே சான்று. 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே தன் அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள், பெயர் குறிக்கப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று அது கணித்தது. நூறாண்டுகளாக ஆண்டுதோறும் இரண்டு நிமிடம் நின்ற பேரரசு, யாருக்காக நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட காலம் அது.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் மலையடிவாரத்திலேயே கிடக்கிறது. பள்ளிவாசலிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி மாவட்டம். அங்கே ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றில் ஒன்று நாலைந்து சொற்களில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இறந்தவன் பெயர் தீயன் அந்தவன், ஊர் பேடு, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், மாண்டான், இது அவனுக்கான கல். பெயர், ஊர், இடம், காரணம். மலைச்சரிவில் மாடு கவர்ந்த சண்டையில் செத்த ஒருவனுக்கு அக்காலத்துச் சிறு குடி தந்த மரியாதையை, சூரியன் மறையாத பேரரசு தன் சிப்பாய்க்குத் தரவில்லை.

நடுகல்லைப் புகழ்வதால் பழைமைக்குக் கொடி பிடிக்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். மகன் மார்பில் புண்பட்டு மாண்டான் என்று தாய் மகிழ்ந்ததாகப் பாடும் புறத்திணை வீரம், தலைவர்களின் கொள்ளைச் சண்டைகளுக்கு இளைஞர்களைத் தயார்செய்த கருத்தியல்தான். அது இன்று நமக்கு வேண்டியதில்லை. ஆயினும் தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுக்கும் படிநிலைகளில் கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை எல்லாம் இருக்கின்றன. மௌனம் ஒரு படிநிலையாக இல்லை. இறந்தவனை நினைத்துப் பாடுவதற்கே கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. இரங்கல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரங்குதல் என்றால் அழுதல். ஒலித்தல் என்றும் பொருள். முரசும் இரங்கும், கடலும் இரங்கும். நாம் 'இரங்கல் கூட்டம்' என்று சுவரொட்டி அடித்துவிட்டுக் கூடி வாய்மூடி நிற்கிறோம்! மௌனத்தையும் அஞ்சலியையும் சேர்த்து நாளேடுகள் வழங்கிய தொடரை நானும் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பு இந்த மண்ணில் சாவு என்றால் பறை, சங்கு, ஒப்பாரி. ஒப்பாரி வெறும் அழுகையன்று. செத்தவர் பெயர், அவர் பட்ட பாடு, அவரை வதைத்தவர் பெயர், கூலி தராமல் ஏமாற்றியவன் பெயர் எல்லாம் அதில் வரும். உழைக்கும் பெண்களின் குற்றப்பத்திரிகை அது. பள்ளிவாசல் தோழர் கேட்ட கேள்வி அந்த மரபிலிருந்து வந்தது.

போரில் இறந்தவர்களில் நமக்கு மிக நெருங்கியவர்கள் யார்? சிப்பாய்கள் மட்டுமல்லர். நம் முன்னோரை மூணாற்றின் தோட்டங்களுக்குப் போடி வழியாக மலையேற்றிய அதே கங்காணி முறைதான், அவர்களுடைய சுற்றத்தாரை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பியது. 1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானிய ராணுவம், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூஸயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலரா, பட்டினி, அடி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடு. கணக்கு என்று சொல்ல முடியாது.

இன்று காஞ்சனபுரிக்குச் செல்பவர்கள் அழகாகப் பேணப்படும் போர்க் கல்லறைத் தோட்டத்தைக் காணலாம். ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளின் கல்லறைகள், இயன்றவரை ஒவ்வொன்றிலும் பெயரும் வயதும் படைப்பிரிவும். அது சரியே, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஏப்ரல் 25 அன்றும் விடியற்காலையில் ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலியர்கள் கூடி மௌனம் காக்கிறார்கள். அதே பாறையை உடைத்த, அதே காலராவில் செத்த தமிழருக்குத் தனிக் கல்லறை இல்லை. குழிகளில் கொத்துக் கொத்தாகப் புதைந்தார்கள். 1944இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூணில் பிற மொழிகளோடு தமிழிலும் ஒரு வாசகம் உண்டு. கொன்றவனுக்கு நம் மொழி தெரிந்திருந்தது, பெயர் தெரியவில்லை. அந்த ரயில் பாதையைக் களமாகக் கொண்டு 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை அள்ளிய 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்தை இலங்கையின் கித்துல்கலையில் எடுத்தார்கள். அதில் தோட்டத் தமிழரின் கதை இல்லை. அதைச் சொல்ல ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் வேண்டியிருந்தது. பெயரே கிடைக்கவில்லை என்ற சமாதானமும் செல்லாது. உயிரோடு இருந்தவரை தோட்டத்துச் செக்ரோலில் அந்தப் பெயர்கள் இருந்தன. நாள்தோறும் விடியற்காலையில் பெயரைக் கூப்பிட்டுத்தான் வேலை வாங்கினார்கள்.

போர் இந்த மலைக்கு வரவேயில்லை என்பவர்கள், சித்திரபுரத்துக்கு மேலே நின்று பள்ளிவாசல் நீர்க் குழாய்களைப் பார்க்கட்டும். 1940இல் இயங்கத் தொடங்கிய இந்த மின்நிலையத்தின் மின்சாரத்தை நம்பித்தான் போருக்கிடையே, 1943இல், ஆலுவா அருகே அலுமினிய உருக்காலை வந்தது.

மௌனத்தைக் கட்டளையாக்கும் வழக்கத்தைச் சுதந்திர இந்தியாவும் கைக்கொண்டது. ஜனவரி 30 அன்று 10.59க்குச் சங்கு ஊதும், 11 மணிக்கு நிற்க வேண்டும், 11.02க்கு மீண்டும் ஊதினால் அமரலாம். அந்த இரண்டு நிமிடத்தில் காந்தியைக் கொன்றவன் யார், எந்தக் கருத்தியல் அவன் கையில் துப்பாக்கியைத் தந்தது என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கோட்சேயைத் தேசபக்தன் என்பவர்களாலும் முன்வரிசையில் கைகட்டி நிற்க முடிகிறது. 2019இல் புல்வாமாவில் துணை ராணுவப் படையினர் 40 பேர் கொல்லப்பட்டபோதும் நாடெங்கும் மௌனம் காக்கச் சொன்னார்கள். அவ்வளவு வெடிமருந்து எப்படி வந்தது என்று கேட்டவர்கள் வீரர்களை அவமதிப்பதாகத் தூற்றப்பட்டார்கள். அந்தப் படையினருக்கு, 2004 ஜனவரி 1க்குப் பின் சேர்ந்திருந்தால், பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது. அவர்களுக்கும் அது உரியது என்று 2023 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. அக்னிவீரர் களத்தில் மாண்டால் காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் உண்டு. நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்குரிய குடும்ப ஓய்வூதியம் இல்லை. மௌனத்துக்குச் செலவில்லை. ஓய்வூதியத்துக்குச் செலவு உண்டு.

கடல் கடந்தால் இதன் மறுபக்கம் தெரியும். இலங்கையில் வென்ற அரசு தன் படையினருக்கு விழா எடுக்கிறது. முள்ளிவாய்க்காலில் மாண்ட மக்களுக்குத் தாய்மார்கள் விளக்கேற்றுவதைப் பல ஆண்டுகள் தடுத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நினைவுத் தூபியை 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சில மாதங்களில் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. அங்கே ஆயுதம் ஏந்தியவர்களின் அரசியலோடு நமக்குள்ள கடுமையான வேறுபாடு வேறு. பிள்ளையின் பெயரைச் சொல்லி அழும் தாயின் உரிமை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு நம்மில் சிலர் அந்நாள்களில் வாய்மூடி இருந்தது சரியன்று என்பது என் கருத்து.

நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். மௌனத்துக்கு மதமில்லை, இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் நாத்திகரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரே சடங்கு அதுதானே என்பார்கள். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று இது. ஊரின் பெயரே பள்ளிவாசல். அங்கே கோயிலும் தேவாலயமும் தொழுகையும் ஒரே சரிவில் இருக்கின்றன. (பெயரைக் கேட்டதும் "அங்கே யார் வசிக்கிறார்கள்?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.) சேர்ந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் என்ன சொல்லப்படுகிறது என்பதே என் வழக்கு. 1943 மார்ச் 29 அன்று தூக்கிலிடப்பட்ட கையூர்த் தோழர்கள் நால்வரைக் கேரளத்தின் எந்தக் கிளையிலாவது 'நால்வர்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்களா? மடத்தில் அப்பு, சிருகண்டன், குஞ்ஞம்பு நாயர், அபூபக்கர் என்றுதானே சொல்வோம்? நம் தியாகிகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த நாம், போரில் இறந்த எளியவரை மட்டும் ஏன் அரசின் பாணியில் எண்ணிக்கையாக்கினோம்?

எனவே, அஞ்சலித் தீர்மானம் இனி இவ்வாறு அமையட்டும் என்று முன்மொழிகிறேன். முதலில் பெயர், ஊர், தொழில். அடுத்து, எதனால் இறந்தார், எவர் பொறுப்பு என்று மழுப்பாமல் ஒரு வாக்கியம். பெயர் கிட்டாவிடில், ஏன் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன்பின் எழுந்து நிற்போம். மேலிருந்து வரும் மூலத்தில் பெயர்கள் இல்லையென்றால், மொழிபெயர்ப்பாளனே கேட்டு வாங்க வேண்டும். அது என் வேலையின் பகுதி என்று இப்போது ஏற்கிறேன். நேரமாகும் என்பார்கள். நம் கூட்டங்களில் நன்றியுரைக்கு ஆகும் நேரத்தை நான் அறிவேன்.

வருகிற ஆகஸ்ட் 6 பெட்டிமுடி நாள். 2020இல் அந்த இரவில் லயங்களோடு மண்ணுக்குள் போன 70 பேர் போரில் இறந்தவர்கள் அல்லர். நால்வரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட தோழரிடமே வாசிக்கும் பொறுப்பைக் கிளை ஒப்படைத்திருக்கிறது. பட்டியலைத் தமிழில் எழுத்துப் பிழையின்றிப் படியெடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தேன். எழுபது பெயர்களுக்கும் ஆறு நிமிடம் ஆகிறது.